டேலி ஆகாத ஜீப்

ஒரு பேச்சுக்கு, உங்களிடம் ஒரு பழைய ஜீப் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஊர் பெரம்பலூர். ஸ்பிரிங் பட்டைகளை மாற்றி வண்டியை நாலு அங்குலம் தூக்கிக் கட்டியாகிவிட்டது. டிராக்டர் டயருக்குத் தம்பி மாதிரி நாலு பெரிய டயர்களும் மாட்டியாகிவிட்டது. ஐயனார் கோயில் குதிரை மாதிரி நிற்கிறது வண்டி. ஏறி உட்கார்ந்து அரியலூர் சாலையைப் பிடிக்கிறீர்கள். நாற்பது கிலோமீட்டர் வேகம் வரை ஒன்றுமில்லை. ஐம்பதைத் தாண்டியதும் காலுக்கடியில் ‘ம்ம்ம்’ என்று ஒரு முனகல். அறுபதில் இருக்கையே அதிர்கிறது. எழுபதில் திடீரென்று காணாமல் போய்விடுகிறது.

பேய் இல்லை. கணக்கு. முந்நூற்றைம்பது வருடத்துப் பழைய கணக்கு ஒன்று உங்கள் வண்டிக்கு அடியில் டேலி ஆகாமல் கிடக்கிறது. அவ்வளவுதான் விஷயம்.

இந்தப் பக்கத்தில் ஒருவர் வண்டியைத் தூக்கிக் கட்ட ஆசைப்படுவதில் வியப்பே கிடையாது. சுமார் பத்து கோடி வருடங்களுக்கு முன்னால் இங்கே கடல் இருந்தது. காரை பக்கத்துச் செம்மண் ஓடைகளில் இன்றைக்கும் கடல் உயிரினங்களின் கல் எச்சங்கள் கிடைக்கின்றன. அந்தக் கடல் விட்டுச் சென்ற சுண்ணாம்புக்கல்தான் அரியலூரின் சிமென்ட் ஆலைகளுக்குச் சோறு போடுகிறது. மேலே கரிசல் மண். மழை பெய்தால் பசை. வெயில் அடித்தால் பாளம் பாளமாக வெடிப்பு. நடுவே சுரங்கத்து மண் பாதைகள். சாதாரண கார் இங்கே தரையில் வயிறு தட்டிப் படுத்துவிடும்.

சரி, தூக்கிக் கட்டினால் ஏன் சத்தம் வரவேண்டும்?

எஞ்சினும் கியர் பெட்டியும் வண்டியின் சட்டத்தோடு இறுகக் கட்டப்பட்டவை. பின் அச்சு அப்படி இல்லை. பள்ளம் வந்தால் கீழே போகும், மேடு வந்தால் மேலே வரும். ஓரிடத்தில் நிற்கும் ஒன்றிலிருந்து, ஆடிக்கொண்டே இருக்கும் இன்னொன்றுக்குச் சுழற்சியைக் கொண்டுபோக வேண்டும். அதற்குத்தான் புரொபெல்லர் ஷாஃப்ட். அதன் இரு முனையிலும் வளைந்து கொடுக்கிற மூட்டு. யூனிவர்சல் ஜாயின்ட் என்பது நல்ல பெயர். ஒர்க்‌ஷாப்பில் சுருக்கமாக, கிராஸ்.

இந்த மூட்டுக்கு இத்தாலியின் கார்டானோ பெயரைச் சொல்வார்கள். பதினாறாம் நூற்றாண்டுக்காரர். வைத்தியர், கணித மேதை, கூடவே தீராத சூதாடி. ஆனால், அதைச் சுழற்சியைக் கடத்தும் கருவியாக 1676ல் எழுதி வெளியிட்டவர் இங்கிலாந்தின் ராபர்ட் ஹூக். ‘செல்’ என்ற சொல்லை உயிரியலுக்குக் கொடுத்தாரே, அவரேதான். நீங்கள் மாற்றினீர்களே ஸ்பிரிங், அதற்கான விதியைச் சொன்னவரும் இவரே. ஹூக்குக்கு அப்போது ஜீப் கவலை இல்லை. சூரியனைப் பார்க்கிற கருவி ஒன்றைத் திருப்புவதற்காக யோசித்தார்.

யோசித்தபோது ஒரு வில்லங்கமும் தெரிந்தது. மூட்டு வளைந்திருந்தால், இந்தப் பக்கம் ஒரே சீராகச் சுற்றினாலும் அந்தப் பக்கம் சீராகச் சுற்றாது. ஒரு சுற்றுக்குள் இரண்டு முறை வேகமெடுக்கும், இரண்டு முறை சுணங்கும். எவ்வளவு? மூட்டு 5 டிகிரி வளைந்திருக்கிறது, இந்தப் பக்கம் நிமிடத்துக்கு 1,000 சுற்று என்றால், அந்தப் பக்கம் 996க்கும் 1,004க்கும் நடுவே ஊசலாடும். இது யாருக்கும் தெரியப் போவதில்லை. அதே மூட்டு 20 டிகிரி வளைந்தால்? 940க்கும் 1,064க்கும் நடுவே. கோணம் நாலு மடங்குதான் கூடியது. தடுமாற்றம் பதினாறு மடங்கு கூடிவிட்டது.

இதற்கு மருந்து, இன்னொரு மூட்டு. முதல் மூட்டு செய்யும் தவறை, அதே கோணத்தில் இருக்கும் இரண்டாவது மூட்டு அப்படியே எதிர்ப்பக்கமாகச் செய்யும். கூட்டிக் கழித்தால் சரியாகிவிடும். பி.காம். படித்தவர்களுக்குச் சட்டென்று புரியும். இரட்டைப் பதிவுக் கணக்குதான் இது. இந்தப் பக்கம் பற்று எழுதினால் அந்தப் பக்கம் அதே தொகைக்கு வரவு இருந்தாக வேண்டும். நிபந்தனை இரண்டு. இரு மூட்டின் கோணமும் ஒன்றாக இருக்கவேண்டும். ஷாஃப்டின் இரு முனைக் கவைகளும் ஒரே வாக்கில் நிற்கவேண்டும்.

இதைக் காருக்குக் கொண்டுவந்தவர் கிளாரன்ஸ் ஸ்பைசர். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக மாணவர். அந்தக் காலத்துக் கார்கள் பலவற்றில் சைக்கிள் மாதிரி சங்கிலிதான். தூசியும் எண்ணெயும் சத்தமும் கொஞ்சநஞ்சமல்ல. 1903ல் ஸ்பைசர் தமது மூட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். மறு வருடமே தயாரிப்பில் இறங்கிவிட்டார்.

1940ல் அமெரிக்க ராணுவம், நாலு சக்கரத்துக்கும் இழுவை உள்ள ஒரு சிறு வண்டி கேட்டது. பிறந்தது ஜீப். உலகப் போர் முடிவதற்குள் வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளின. 1945ல் இங்கே மஹிந்திரா அண்ட் முகமது என்றொரு கம்பெனி தொடங்கியது. பிரிவினையில் குலாம் முகமது பாகிஸ்தான் போய் நிதி அமைச்சரானார், பிறகு கவர்னர் ஜெனரலே ஆனார். கம்பெனி 1948ல் மஹிந்திரா அண்ட் மஹிந்திரா ஆனது. பம்பாயில் வில்லிஸ் ஜீப்பைப் பூட்ட ஆரம்பித்தது. நம்மூரில் ஓடிய ஜீப்புகளின் பூர்வீகம் இது.

போர்க்கால ஜீப்பின் முன், பின் அச்சுகளுக்கு இடையே 80 அங்குலம்தான். ஆகவே பின் ஷாஃப்டும் குட்டை. நீளமான ஏணியை ஒரு முனையில் நாலு அங்குலம் தூக்கினால் சாய்வு தெரியாது. முக்காலியை அப்படித் தூக்கிப் பாருங்கள். உங்கள் வண்டியில் நடந்தது அதுதான். இரு கோணங்களும் எகிறிவிட்டன. அவை சமமாகவே இருந்தாலும் கடைசிச் சக்கரத்தில்தான் கணக்கு நேராகும். நடுவில் இருக்கும் ஷாஃப்ட் தடுமாறிக்கொண்டுதான் சுற்றும். சிலர் ஸ்பிரிங்குக்கும் அச்சுக்கும் நடுவே ஆப்பு வைத்து அச்சின் மூக்கைத் தூக்கிவிடுவார்கள். மேல் முனையில் இரட்டை மூட்டு போட்டிருந்தால் அது சரி. ஒற்றை மூட்டாக இருந்தால் கோணங்கள் சமமாக இராது. நிஜமாகவே ஆப்புதான்.

இனி, காதைக் கொஞ்சம் தீட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு முகவரி உண்டு.

கிளட்ச்சை விடும்போது, அல்லது ரிவர்ஸிலிருந்து முன்னே போகும்போது ‘டக்’ என்று ஒற்றை அடி. கிராஸ் தேய்ந்திருக்கலாம், அச்சுக்குள் பல்சக்கரங்களுக்கு நடுவே இடைவெளி கூடியிருக்கலாம். மெதுவாகப் போகையில் குருவி மாதிரி ‘கீச் கீச்’, வேகம் கூடக் கூட கீச்சும் வேகமெடுக்கிறது என்றால் கிராஸ் பேரிங்கில் க்ரீஸ் இல்லை. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் ஒரு சுருதி, காலை எடுத்தால் வேறு சுருதி என்று ஊளையிட்டால் கிரவுன், பினியனைப் பார்க்கவேண்டும். தார் ரோட்டிலிருந்து சிமென்ட் ரோட்டுக்கு ஏறியதும் சத்தத்தின் குணம் மாறுகிறதா? அது பெரிய டயரின் பாட்டு. தார் ரோட்டில் நாலு சக்கர இழுவையைப் போட்டுக்கொண்டு திரும்பும்போது வண்டி முறுக்கிக்கொண்டு ‘மடக்’கென்றால், கோளாறு வண்டியில் இல்லை. அந்த லீவர் மண்ணுக்கும் சேற்றுக்கும்தான்.

நமது ‘ம்ம்ம்’? ஒரு குறிப்பிட்ட வேகத்தில் வந்து, தாண்டினால் போய்விடுகிற அதிர்வு பெரும்பாலும் ஷாஃப்டைத்தான் கைகாட்டும். போர்க்கால ஜீப்பில் சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் ஷாஃப்ட் கிட்டத்தட்ட ஐந்து சுற்று. ஆகவே அதிர்வு படபடவென்று இருக்கும். சக்கரத்துக் கோளாறு என்றால் நிதானமான குலுக்கல். ஆள் இல்லாத சமதளச் சாலையில் அந்த வேகத்துக்குப் போய், நியூட்ரலுக்குத் தள்ளுங்கள். எஞ்சின் அடங்கியும் முனகல் அடங்கவில்லையா? எஞ்சின் நிரபராதி. அப்புறம் மெக்கானிக்கிடம் சொல்லி இரு முனைக் கோணங்களையும் அளக்கச் சொல்லுங்கள். ஷாஃப்டைக் கழற்றி மாட்டும்போது கவைகள் ஒரே வாக்கில் வந்தனவா என்றும் கேளுங்கள். பல ஷாஃப்டுகளில் இதற்காகவே அம்புக்குறி இருக்கும். ஒரு பல் தள்ளி மாட்டினாலும் டேலி ஆகாது.

சத்தம்தானே, பொறுத்துக்கொண்டால் போயிற்று என்று நினைக்காதீர்கள். பழைய வில்லிஸ் ஜீப்பில் ஹேண்ட் பிரேக் எங்கே இருக்கிறது தெரியுமா? சக்கரத்தில் இல்லை. டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால். அது பிடிப்பது பின் ஷாஃப்டை. ஷாஃப்ட் வழியாகத்தான் சக்கரத்தை நிறுத்துகிறது. கிராஸ் உடைந்தால் இழுவை போவதோடு ஹேண்ட் பிரேக்கும் போச்சு. சுரங்கச் சரிவில் நிறுத்தியிருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஓடும்போது ஷாஃப்டின் முன் முனை கழன்று ரோட்டில் குத்தினால் அது இன்னும் பயங்கரம். இன்னொன்று. இந்த வகை வண்டியில் ஹேண்ட் பிரேக்கை நம்பி ஒரு பின் சக்கரத்தை ஜாக்கியால் தூக்கினால், அந்தரத்தில் நிற்கும் சக்கரம் சுற்ற, வண்டி நகர்ந்துவிடும். கட்டை கொடுக்காமல் அடியில் தலை வைக்கவே கூடாது.

சட்டமும் இதில் ஒரு பக்கத்தைத் திறந்து வைத்திருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு 2000ம் ஆண்டு திருத்தப்பட்டது. கம்பெனி கொடுத்த அளவுகளுக்கு மாறாக வண்டியை மாற்றியமைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் அடித்துச் சொன்னது. கம்பெனிக்காரன் அந்த அளவுகளை எழுதியபோது ஹூக்கின் கணக்கையும் சேர்த்துத்தான் எழுதினான். கம்பீரத்துக்காகக் கூட்டிய நாலு அங்குலத்துக்கு எதிர்ப்பதிவு போட யாரும் மெனக்கெடுவதில்லை.

ஆகவே, அடுத்த முறை காலடியில் அந்த ‘ம்ம்ம்’ கேட்டால் பாட்டுச் சத்தத்தைக் கூட்டாதீர்கள். குறையுங்கள். எந்த வேகத்தில் வந்தது, எந்த வேகத்தில் போனது என்று ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொண்டு, அதோடு ஒர்க்‌ஷாப்புக்குப் போங்கள். பாதி வேலை அந்தக் காகிதத்திலேயே முடிந்திருக்கும்.