நான்கு முறை கண்டறியப்பட்ட ஓர் உண்மை

கர்ப்பிணிகள் மது அருந்தக் கூடாது என்பது இன்று எல்லோருக்கும் தெரிந்த செய்தி. இதை மருத்துவர்கள் காலங்காலமாகச் சொல்லி வருகிறார்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆனால் 1970களில்கூட அமெரிக்க மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்கு நரம்பு வழியாக ஆல்கஹால் ஏற்றினார்கள் என்று படித்தபோது தூக்கிவாரிப் போட்டது! குறைமாதத்தில் பிரசவ வலி வந்தால் அதை நிறுத்த அதுதான் மருந்து. ஃபிரிட்ஸ் ஃபூக்ஸ் என்ற மகப்பேறு மருத்துவர் 1967இல் இந்த முறையை வெளியிட்டார். பல மருத்துவர்கள் அதைப் பின்பற்றினார்கள்.

அப்படியென்றால் மது கருவைப் பாதிக்கும் என்பது அதுவரை யாருக்கும் தெரியாதா? தெரியும். அதற்கு 240 ஆண்டுகளுக்கு முன்பே தெரியும். பிறகு எப்படி மறந்து போனார்கள்? அதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

லண்டனின் ஜின் மோகம்

18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் ஜின் என்ற மது மிக மலிவாகக் கிடைத்தது. ஏழைகள், ஆண் பெண் வேறுபாடின்றி, அதில் மூழ்கினார்கள். 1726இல் லண்டன் மருத்துவர்களின் ராயல் கல்லூரி பாராளுமன்றத்துக்கு ஒரு முறையீடு அனுப்பியது. மலிவான மதுவால் பலவீனமான, நோயுற்ற குழந்தைகள் பிறக்கின்றன என்று அதில் எச்சரித்தது. 1751இல் ஓவியர் வில்லியம் ஹோகார்த் வரைந்த 'ஜின் சந்து' என்ற படம் புகழ் பெற்றது. போதையில் இருக்கும் ஒரு தாயின் கையிலிருந்து குழந்தை படிக்கட்டுக்கு வெளியே நழுவி விழும் காட்சி அதில் உண்டு. அந்த ஆண்டே ஜின் விற்பனையைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. ஜின் மோகம் தணிந்தது, மருத்துவர்களின் எச்சரிக்கையும் மறந்து போனது.

சிறை மருத்துவரின் கணக்கு

அடுத்து வந்தவர் வில்லியம் சல்லிவன். இங்கிலாந்தின் லிவர்பூல் சிறையில் மருத்துவராக இருந்தவர். அங்கே அடைக்கப்பட்டிருந்த குடிப்பழக்கமுள்ள பெண்களின் பிள்ளைகள் பற்றி அவர் கணக்கெடுத்து 1899இல் வெளியிட்டார். 120 பெண்களுக்கு 600 பிள்ளைகள். அவர்களில் 335 பேர், அதாவது பாதிக்கும் மேல், இறந்தே பிறந்தவர்கள் அல்லது இரண்டு வயதுக்குள் இறந்தவர்கள்.

சல்லிவன் அத்தோடு நிற்கவில்லை. இந்தப் பெண்களின் உறவினர்களிலேயே குடிக்காத 28 பெண்களைத் தேடிப் பிடித்தார். அவர்களின் பிள்ளைகளில் அப்படி இறந்தவர்கள் சுமார் 24 சதவீதம்தான். ஒரே குடும்பம் என்பதால் பரம்பரை மட்டும் காரணம் என்று சொல்ல முடியவில்லை.

இதைவிட முக்கியமான ஒன்றையும் அவர் கவனித்தார். முன்பு பிள்ளைகளைப் பறிகொடுத்த சில பெண்கள், கர்ப்ப காலத்தில் சிறையில் இருந்தபோது நல்ல குழந்தைகளைப் பெற்றார்கள்! சிறையில் மது கிடைக்காது அல்லவா? தாய் அதே தாய்தான். மாறியது மது மட்டுமே.

உண்மை எப்படித் தொலைந்தது?

இவ்வளவு தெளிவான கணக்கு இருந்தும் ஏன் எடுபடவில்லை? என் பார்வையில் காரணம் இதுதான். உண்மையோடு ஒரு தவறான விளக்கமும் ஒட்டிக்கொண்டிருந்தது. குடி என்பது பாவம், குடிப்பவரின் வித்தே கெட்டுவிடும், வம்சமே சீரழியும் என்று அக்காலத்தில் பலர் பேசினார்கள். மதுவிலக்குப் பிரச்சாரமும் அதையே பிடித்துக்கொண்டது.

1910இல் எத்தல் எல்டர்டன், கார்ல் பியர்சன் என்ற இரு புள்ளியியலாளர்கள், பெற்றோரின் குடிக்கும் பிள்ளைகளின் அறிவு, உடல் வளர்ச்சிக்கும் குறிப்பிடத்தக்க தொடர்பு இல்லை என்று எழுதினார்கள். பெரிய சர்ச்சை கிளம்பியது. குழந்தை பிறப்பதற்கு முன்பே பெற்றோர் குடித்தார்களா என்று அவர்கள் பார்க்கவில்லை என விமர்சகர்கள் சுட்டிக்காட்டினார்கள். கேள்வியே அதுதானே!

அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு இருந்து தோற்றது. அதன்பிறகு பழைய ஆய்வுகள் எல்லாமே வெறும் பிரசங்கமாகத் தெரிந்தன. 1942இல் ஹாகார்ட், ஜெல்லினெக் என்ற யேல் பல்கலைக்கழக அறிஞர்கள், மது கருவைக் கெடுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை, வறுமையும் ஊட்டக் குறைவுமே காரணம் என்றார்கள். தவறான விளக்கத்தைத் தூக்கி எறிந்தபோது, கூடவே உண்மையும் குப்பைக்குப் போனது.

நான்ட் நகரமும் சியாட்டில் நகரமும்

1961இல் தாலிடோமைடு மருந்தின் கொடுமை வெளியே வந்தது. தாய் உட்கொள்ளும் பொருள் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் கருவைச் சிதைக்கும் என்பதை உலகமே கண்டது.

1968இல் பிரான்சின் நான்ட் நகரக் குழந்தை மருத்துவர் பால் லெமுவான், குடிப்பழக்கமுள்ள பெற்றோரின் 127 குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். வளர்ச்சிக் குறைவு, மனவளர்ச்சிப் பாதிப்பு, எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்றுபோன்ற முகச்சாயல். முகத்தைப் பார்த்தே தாய் குடிப்பவர் என்று ஊகிக்கலாம் என்கிற அளவுக்கு! ஆனால் கட்டுரை வந்தது பிரெஞ்சு மொழியில், ஓர் உள்ளூர் மருத்துவ இதழில். உலகம் கவனிக்கவில்லை.

அதே சமயம் அமெரிக்காவின் சியாட்டிலில், கிறிஸ்டி உல்லலண்ட் என்ற இளம் பெண் மருத்துவர், எடை கூடாமல் வாடும் கைக்குழந்தைகள் பலரின் தாய்மார்கள் குடிப்பழக்கம் உள்ளவர்கள் என்று கண்டார். அவர் காட்டிய வழியில் டேவிட் ஸ்மித், கென்னத் ஜோன்ஸ் இருவரும் குழந்தைகளைப் பரிசோதித்தார்கள். ஒருவருக்கொருவர் உறவில்லாத 8 குழந்தைகள், மூன்று வெவ்வேறு இனத்தவர். ஆனாலும் சின்னக் கண்கள், மெல்லிய மேலுதடு என்று ஒரே சாயல். 1973 ஜூனில் 'லான்செட்' இதழில் கட்டுரை வந்தது. அதே ஆண்டில் இக்கோளாறுக்கு 'ஃபீட்டல் ஆல்கஹால் சிண்ட்ரோம்' என்ற பெயரும் கிடைத்தது. லெமுவானின் கட்டுரையைப் பற்றி அப்போது அவர்களுக்குத் தெரியாது!

வறுமைதான் காரணம் என்ற பழைய வாதம் மீண்டும் எழுந்தது. 1981இல் கேத்லீன் சுலிக் குழுவினர் கருவுற்ற எலிகளுக்கு, மனிதக் கருவின் மூன்றாம் வாரத்துக்கு ஒப்பான நாளில் ஆல்கஹால் கொடுத்தார்கள். குட்டிகளின் முகத்திலும் அதே மாற்றங்கள் தெரிந்தன. தான் கருவுற்றதே ஒரு பெண்ணுக்குத் தெரியாத காலம் அது என்பதைக் கவனியுங்கள். அதே 1981இல் அமெரிக்க சர்ஜன் ஜெனரல், கர்ப்பிணிகள் மதுவே அருந்த வேண்டாம் என்று அறிவுறுத்தினார். 1989இல் அங்கே மதுப் புட்டிகளில் எச்சரிக்கை வந்தது. லெமுவானின் பிரான்சில் அது வர 2007 ஆகிவிட்டது.

பழி யாருக்கு?

இத்தோடு கதை முடிந்ததா? இல்லை. 1998இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம், அளவு மீறிக் குடிக்கும் கர்ப்பிணியைப் பிடித்து வைக்க வழி செய்யும் சட்டம் இயற்றியது. சல்லிவனின் சிறைக் கைதிகள் நினைவுக்கு வருகிறார்கள். ஆனால் அந்தக் குழந்தைகளைக் காப்பாற்றியது சிறைச் சுவரா, மது கிடைக்காததா? தண்டனைக்குப் பயந்து ஒரு பெண் மருத்துவரிடமே போகாமல் இருந்துவிட்டால் என்ன பயன்?

தென்னாப்பிரிக்காவின் மேற்கு கேப் பகுதியைப் பாருங்கள். திராட்சைத் தோட்டத் தொழிலாளர்களுக்குக் கூலியின் ஒரு பகுதியாக ஒயினையே கொடுக்கும் வழக்கம் அங்கே தலைமுறைகளாக இருந்தது. அப்பகுதியில் ஓர் ஊரின் பள்ளிக் குழந்தைகளை ஆராய்ந்து 2000இல் வெளியான ஆய்வில், ஆயிரத்துக்கு 40 பேருக்கு மேல் இக்கோளாறு இருந்தது. அந்தத் தாய்மாரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியுமா?

உலகில் பத்தில் ஒரு கர்ப்பிணி மது அருந்துகிறார் என்று 2017இல் வெளியான ஒரு மதிப்பீடு சொல்கிறது. இவ்வளவு குடித்தால் ஆபத்தில்லை என்று எந்த அளவும் இதுவரை நிரூபிக்கப்படவில்லை. இந்தப் பாதிப்பைக் குணப்படுத்த மருந்து கிடையாது, ஆனால் முழுக்கத் தடுக்க முடியும்.

தாயைத் திட்டுவதில் காட்டிய அக்கறையைக் குழந்தையைக் கவனிப்பதில் காட்டியிருந்தால், 1899இலேயே இந்த உண்மை நிலைத்திருக்கும். எழுபது ஆண்டுகள் வீணாகியிருக்காது.