மயலின் இழப்புக்கான உயிரணு மறுநிரலாக்கம்

மயலின் இழப்புக்கான உயிரணு மறுநிரலாக்கம் என்பது, உடலின் முதிர்ந்த உயிரணு ஒன்றை மயலின் உருவாக்கவல்ல உயிரணுவாக மாற்றி, உறை சிதைந்த நரம்பிழைகளைச் சீர்செய்ய முயலும் ஆய்வுமுறை ஆகும். மறுநிரலாக்கம் என்பது இங்கு மரபணுக்களைத் திருத்தி எழுதுவதன்று. எந்த மரபணு இயங்க வேண்டும், எது ஓய்ந்திருக்க வேண்டும் என்பதை மாற்றுவதே ஆகும்.

பின்னணி

மயலின், நரம்பிழையைப் பல அடுக்குகளாகச் சுற்றியுள்ள கொழுப்பு மிகுந்த உறை. இது மின்கம்பியின் காப்புறைக்கு ஒப்பிடப்படுவதுண்டு. ஆனால் மயலின் உறை இடைவெளி விட்டு அமைந்துள்ளதால், மின் துடிப்பு ஓர் இடைவெளியிலிருந்து அடுத்ததற்குத் தாவி விரைவாகச் செல்கிறது. மூளையிலும் தண்டுவடத்திலும் ஒலிகோடென்ட்ரோசைட்டு என்னும் உயிரணுக்களும், பிற நரம்புகளில் சுவான் உயிரணுக்களும் இவ்வுறையை உருவாக்குகின்றன.

2006 இல் சின்யா யாமானாக்கா, கசுதோசி தாக்காகாசி ஆகியோர் நான்கு மரபணுக்களைச் செலுத்திச் சுண்டெலியின் முதிர்ந்த உயிரணுக்களைக் குருத்தணு நிலைக்குத் திருப்பினர். யாமானாக்காவிற்கு 2012 இல் ஜான் கர்டனுடன் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

2013 ஆம் ஆண்டு ஆய்வுகள்

குருத்தணு நிலைக்குச் செல்லாமலே நேரடியாக மாற்ற இயலும் என்பதை 2013 இல் கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ், இசுட்டான்ஃபோர்டு ஆகிய பல்கலைக்கழகங்களின் இரு குழுக்கள் தனித்தனியே காட்டின. இணைப்பிழையத்தின் நார் உயிரணுக்களில் மும்மூன்று மரபணுக்கள் செலுத்தப்பட்டன. சாக்ஸ்10, ஒலிக்2 ஆகியவை இரண்டிற்கும் பொது. மூன்றாவது மட்டும் வேறு. கிடைத்த முன்னோடி உயிரணுக்கள் 'சிவரர்' வகைச் சுண்டெலிகளின் நரம்பிழைகளில் மயலினைச் சுற்றின. இவ்வகைச் சுண்டெலிக்கு மயலின் அடிப்படைப் புரதத்தின் மரபணு பெரும்பகுதி இல்லை. நடுங்கியபடி வளர்ந்து சில மாதங்களில் இறந்துவிடும்.

அதே ஆண்டில் இராச்செசுடர் பல்கலைக்கழகத்தினர் மனிதத் தோலிலிருந்து குருத்தணு வழியாகப் பெற்ற முன்னோடி உயிரணுக்களைச் செலுத்தியபோது, அச்சுண்டெலிகளின் வாழ்நாள் கணிசமாக நீண்டது. எனினும் அவ்வுயிரணுக்களை உருவாக்க நூறு நாட்களுக்கு மேல் ஆயின.

இடர்ப்பாடுகள்

சுண்டெலியில் கிடைத்த வெற்றியைத் தண்டுவட மரப்பு நோய்க்கு அப்படியே பொருத்த இயலாது. சிவரர் சுண்டெலியில் குறை உயிரணுவில் உள்ளது. புதிய உயிரணு அதை ஈடுசெய்கிறது. தண்டுவட மரப்பு நோயிலோ மயலினைத் தாக்குவது நோயாளியின் நோயெதிர்ப்பு மண்டலமே. சிதைந்த இடங்கள் பலவற்றில் முன்னோடி உயிரணுக்கள் ஏற்கெனவே உள்ளன, அவை முதிர்வதில்லை. அங்கு புதியவற்றைச் செலுத்தினாலும் அதே சூழலையே எதிர்கொள்ளும். எனவே பெலிசேயசு-மெர்சுபாக்கர் நோய் போன்ற பிறவி நோய்களே இம்முறைக்கு மிகவும் பொருந்துவன. அவற்றிலும் நோயாளியின் சொந்த உயிரணுவைப் பயன்படுத்துமுன் பழுதுற்ற மரபணுவைத் திருத்தியாக வேண்டும். முழுமையாக மாறாத குருத்தணு எஞ்சினால் கட்டி தோன்றும் அபாயமும் உண்டு.