புராஸ்டேட் புற்றுநோயும் கம்பத்துத் தூரமும்

புராஸ்டேட் புற்றுநோய் எலும்புக்குப் பரவிவிட்டால், 1941 வரை மருத்துவர்களால் பெரிதாக எதுவும் செய்ய முடியவில்லை. அந்த வருடம்தான் சிகாகோவில் சார்லஸ் ஹக்கின்ஸ், ஆண் ஹார்மோனே இந்தப் புற்றுக்குத் தீனி என்று காட்டினார். விதைகளை அகற்றினால் நோய் அடங்கும், வலி குறையும், முழுக் குணமல்ல. இதற்கு நோபல் பரிசு வந்தது 1966ல்!

அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954ல் தொடங்கியது. கோபால்ட் கதிர்வீச்சுக் கருவி 1957ல் வந்தது. கம்பத்திலிருந்து 500 கிலோமீட்டருக்கு மேல். சிகிச்சையோ வாரக்கணக்கில். அதுவரை திராட்சைத் தோட்டத்தை யார் பார்ப்பது? ஹக்கின்ஸின் அறுவைக்குப் பெரிய கருவி வேண்டாம், ஒரே தடவை, செலவும் கம்மி. ஆனால் ஆண்மை குறையும். பின்னாளில் வந்த ஹார்மோன் ஊசியிலும் அதே குறை உண்டு. திரும்பத் திரும்பப் போடவும் வேண்டும். தேனிக்கு அரசு மருத்துவக் கல்லூரி கிடைத்தது 2004ல்தான், கானாவிலக்கில்.