காபி ஹவுஸில் குடியிருந்த பொறியாளர்

லண்டன் சாரிங் கிராஸில் சலோப்பியன் காபி ஹவுஸ் என்றொரு விடுதி இருந்தது. அதைப் புதிதாக விலைக்கு வாங்கியவர், மாடியில் நெடுங்காலமாகத் தங்கியிருந்த ஒருவர் காலிசெய்யப் போகிறார் என்று கேட்டதும் பதறிப்போனாராம். அந்த மனிதர் அங்கே இருக்கிறார் என்பதற்காகவே விலையில் 750 பவுண்டு சேர்த்துக் கொடுத்திருந்தாராம் அவர். காலிசெய்தவர் தாமஸ் டெல்ஃபோர்ட். சுமார் 21 வருஷம் அந்த விடுதிதான் அவருக்கு வீடும் அலுவலகமும். அவரைப் பார்க்கப் பொறியாளர்களும் ஒப்பந்தக்காரர்களும் வந்துகொண்டே இருப்பார்கள். விடுதிக்கு நல்ல வியாபாரம்.

டெல்ஃபோர்ட் 1757-ல் ஸ்காட்லாந்தின் எஸ்க்டேலில் ஓர் ஆட்டு மேய்ப்பரின் மகனாகப் பிறந்து, கொத்தனாராக வேலை கற்றவர். 1803-க்குப் பிறகு அவர் கையில் ஒரே நேரத்தில் இருந்த வேலைகளை எண்ணினால் மலைப்பாக இருக்கும். ஸ்காட்லாந்தைக் குறுக்கே அறுக்கும் கலிடோனியன் கால்வாய், வடக்கு மலைநாட்டில் சுமார் 920 மைல் சாலை, ஆயிரத்துக்கு மேற்பட்ட பாலங்கள், துறைமுகங்கள். இவை போதாதென்று 1808-ல் சுவீடனுக்குப் போய் யோத்தா கால்வாய்க்கும் தடம் குறித்துக் கொடுத்துவிட்டு வந்தார். தொலைபேசி கிடையாது, தந்தி கிடையாது, ரயிலும் கிடையாது.

எப்படிச் சமாளித்தார்? ஓயாத உழைப்பு, அபார ஞாபகம் என்று சொல்லிவிடலாம். இரண்டும் அவரிடம் இருந்தன. ஆனால் உண்மையான காரணம் ஆட்கள்.

வேல்ஸ் எல்லையில் எல்ஸ்மியர் கால்வாய் வெட்டியபோது அவர் வில்லியம் ஜெஸ்ஸப்பின் கீழ் வேலை பார்த்தார். அந்தக் கால்வாய்க்காகக் கட்டி 1805-ல் முடிந்த பொன்ட்கசுல்ட்டே நீர்ப்பாலத்தின் புகழில் யாருக்கு எவ்வளவு பங்கு என்ற சண்டை இன்றும் ஓயவில்லை. அது கிடக்கட்டும். அந்த வேலைத்தளத்தில் டெல்ஃபோர்டுக்கு ஒரு சிறு கூட்டம் சேர்ந்தது: மேற்பார்வைக்கு மாத்யூ டேவிட்சன், கல் வேலைக்கு ஜான் சிம்ப்சனும் ஜான் வில்சனும், இரும்பு வார்ப்புக்கு வில்லியம் ஹேஸல்டைன். அடுத்த வேலை வந்ததும் புது ஆள் தேடாமல் இவர்களையே கூட்டிக்கொண்டு போனார். கலிடோனியன் கால்வாயின் கிழக்கு முனையான க்ளாக்னஹாரியில் டேவிட்சன் பொறுப்பேற்றார். அங்கே கல் வேலை சிம்ப்சனுடையது. இருபது வருஷம் கழித்து மெனாய் தொங்கு பாலத்துக்கும் கல் வேலை வில்சன், இரும்பு ஹேஸல்டைன். ஒருவர் கைப்பழக்கம் இன்னொருவருக்குத் தெரியும்; பாதிப் பேச்சு மிச்சம்.

மலைநாட்டுச் சாலைகளுக்கு ஜான் மிட்செல். இவரும் கொத்தனாராக இருந்தவர்தான். வருஷம் முழுக்கக் குதிரையில் ஊர் ஊராகச் சுற்றி ஒப்பந்தக்காரர்களை விரட்டி வேலை வாங்குவார். டெல்ஃபோர்ட் அவ்வப்போது வடக்கே வந்து பார்த்துவிட்டுப் போவார். லண்டனில் கணக்கையும் கடிதங்களையும் பார்த்துக்கொண்டவர் ஜான் ரிக்மன், 1801-ல் பிரிட்டனின் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்தியவர். சாலைச் செலவில் பாதியை அரசு தரும், மீதியை நிலக்கிழார்கள் போட வேண்டும். அந்தக் காசை வசூலிப்பது பாலம் கட்டுவதைவிடச் சிரமம்.

இன்னொரு தந்திரம், ஒரு தடவை யோசித்ததைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவது. 1812-ல் போனாரில் 150 அடி இரும்பு வளைவுப் பாலம் கட்டினார்கள். அதே மாதிரியில் 1814-ல் ஸ்பே ஆற்றின் மேல் கிரைகெலாக்கியில் இன்னொன்று எழுந்தது. வார்ப்புகள் ஹேஸல்டைனின் வேல்ஸ் பட்டறையில் ஆயின. பிறகு மலைநாட்டில் 32 தேவாலயங்கள் கட்டும் வேலை வந்தபோதும் ஒரே வரைபடம்தான். தேவாலயமும் போதகர் வீடும் சேர்த்து 1,500 பவுண்டுக்குள் முடிய வேண்டும் என்று சட்டமே சொன்னது. அழகு குறைவு என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. அந்தக் காசுக்கு வேறென்ன கிடைக்கும்?

எல்லாம் திட்டப்படி நடந்துவிடவில்லை. ஏழு வருஷம், 3,50,000 பவுண்டு என்று போட்ட கலிடோனியன் கணக்கு அடியோடு தவறியது. நெப்போலியன் போரால் மரமும் கூலியும் விலை ஏறின. 1822-ல் கால்வாய் திறந்தபோது செலவு 9 லட்சம் பவுண்டைத் தாண்டியிருந்தது. நினைத்த ஆழமும் தோண்டவில்லை. பிரெஞ்சுக்காரர்களுக்குப் பயந்து வெட்டிய கால்வாய் முடிவதற்குள் அந்தப் பயமே போய்விட்டது. 1840-களில் சில வருஷம் மூடிப் பழுதுபார்க்க வேண்டியிருந்தது. நல்ல ஆட்களால் வேலையைக் கோத்து நடத்த முடிந்தது. சந்தை விலையைப் பிடித்து நிறுத்த முடியவில்லை.

1819-ல் கவிஞர் ராபர்ட் சவுதி டெல்ஃபோர்டோடு மலைநாட்டைச் சுற்றி வந்தார். ரோட்ஸ் தீவின் பிரம்மாண்டச் சிலையையும் சாலையையும் சேர்த்துச் சிலேடையாக ‘கொலோசஸ் ஆஃப் ரோட்ஸ்’ என்று அவருக்குப் பட்டப்பெயர் வைத்தவர் இவர்தான். மறு வருஷமே கட்டடப் பொறியாளர்கள் தங்கள் புதிய சங்கத்துக்கு டெல்ஃபோர்டை முதல் தலைவராக்கினார்கள். 1834-ல் இறந்தவரை வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கம் செய்தார்கள்.

கலிடோனியன் கால்வாய் திறந்ததை டேவிட்சன் பார்க்கவில்லை, 1819-லேயே போய்விட்டார். அவர் பொறுப்பில் இருந்த க்ளாக்னஹாரியில் சவுதியின் கவிதை பொறித்த கல் ஒன்று இருக்கிறது. அந்தக் கவிதை பாராட்டுவது டெல்ஃபோர்டை.