முத்துக்குளித்துறையின் ஒலி

ஒவ்வொரு நிலத்திற்கும் அதற்கே உரிய ஒலி உண்டு என்பது தமிழ் மரபின் பழைய எண்ணம். தொல்காப்பியர் கருப்பொருள்களை எண்ணும்போது தெய்வம், உணவு, மரம், புள் ஆகியவற்றோடு பறையையும் யாழையும் சேர்க்கிறார். நெய்தலுக்கு மீன்கோட்பறையும் விளரியாழும் உரியன என்று நம்பியகப்பொருள் வகுக்கும். இந்த மரபில் நிலத்தின் தன்மையைக் கருவி ஏற்று ஒலிக்கிறது. இருபதாம் நூற்றாண்டில் ஓர் இசைவகை இன்னும் ஓரடி சென்று, நிலத்தின் ஒலியையே கருவியாக்கிக்கொண்டது.

1948ஆம் ஆண்டு பாரிஸ் வானொலியில் பணியாற்றிய பியேர் ஷேஃபர், புகைவண்டிகளின் ஓசையை இசைத்தட்டுகளில் பதிந்து, துண்டாக்கி, திரும்பத் திரும்ப ஒலிக்கச் செய்து ஒரு படைப்பை உருவாக்கினார். சில ஆண்டுகளில் ஒலிநாடா வந்து சேர்ந்தது. பதிந்த ஒலியை வெட்டலாம், ஒட்டலாம், மெதுவாக்கலாம், பின்னோக்கி ஓட்டலாம், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம். மழையும் பறவையும் அலையும் இசையின் மூலப்பொருள்களாயின. 1969இல் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் டேவிட் டியூடரின் துணையோடு ஒரு மின்னணு இசைக்கூடம் அமைந்தது. கீதா சாராபாய் முதலான இந்தியர்கள் அங்கே உருவாக்கிய படைப்புகள் நாடாக்களில் உறங்கிக் கிடந்து, 2023இல்தான் இசைத்தொகுப்பாக வெளிவந்தன. பதிந்து வைத்ததனால் அரை நூற்றாண்டுக்குப் பின்னும் அவற்றை நாம் கேட்க முடிகிறது.

இவ்வரலாற்றோடு தூத்துக்குடியின் ஆண்டுகளை ஒப்பிட்டுப் பார்க்கலாம். கொற்கைக் காலந்தொட்டுப் புகழ்பெற்ற முத்துக்குளிப்பு, நெடிய இடைவெளிக்குப் பின் 1955இல் தூத்துக்குடியில் மீண்டும் தொடங்கி, 1961இல் நின்றுபோயிற்று. ஷேஃபரின் சோதனைக்கும் இந்த முடிவுக்கும் இடையே பதின்மூன்று ஆண்டுகள். ஒலிநாடா உலகெங்கும் சுழன்றுகொண்டிருந்த காலம் அது.

பத்தொன்பதாம் நூற்றாண்டுக் குறிப்புகளைக் காதால் படித்தால், மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பு ஒரு பெரும் ஒலிநாடகமாகவே தோன்றும். நள்ளிரவில் வெடிக்கும் பீரங்கி. கரைக்காற்றில் விரியும் பாய்கள். சுறாக்களின் வாயைக் கட்டுவதாக மந்திரம் முணுமுணுக்கும் கடல்கட்டி. விடிந்ததும் கல்லோடு நீரில் அமிழும் குளியாள். ஏறக்குறைய ஒரு நிமிட அமைதி. பிறகு கயிறு அசையும். மேலே வந்தவரின் பெருமூச்சு. படகில் சிப்பிகள் சரியும் ஓசை. இன்று இவற்றையெல்லாம் நாம் பெரும்பாலும் எழுத்தின் வழியாகவே அறிகிறோம். சிப்பிகளின் எண்ணிக்கையையும் ஏலத்தொகையையும் அரசு கணக்கில் வைத்தது. அந்த மூச்சொலி எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

வளைகுடாவுக்கு அப்பால், இலங்கையின் கீழ்க்கரையில், வேறொரு கதை நிகழ்ந்தது. மட்டக்களப்பு வாவியின் பாடுமீன் ஒலியை 1848இல் எமர்சன் டெனன்ட் படகிலிருந்து கேட்டார். ஈரவிரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்த்தால் எழும் நாதத்திற்கு அதை ஒப்பிட்டு எழுதினார். பாடுவது மீனா நத்தையா என்ற வினா அன்றே எழுந்தது. 1960களில், லாங் அடிகளார் என்ற கத்தோலிக்கக் குருவின் முயற்சியால், அவ்வொலி இலங்கை வானொலியில் ஒலிபரப்பாயிற்று. வாவிக்கரையை மிதித்திராதவரும் அதைக் கேட்டனர். ஓர் ஊரின் பெருமை வாய்மொழிக் கதையிலிருந்து காதுக்கு வந்து சேர்ந்தது.

ஆலன் ஹோவனஸ் என்ற அமெரிக்க இசையமைப்பாளரையும் இங்கே நினைக்க வேண்டும். தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடந்துகொண்டிருந்த 1959-60இல் அவர் சென்னையில் கர்நாடக இசை பயின்றுகொண்டிருந்தார். பத்தாண்டுகளுக்குப் பின், 1970இல், கடலுக்கடியில் பதிந்த திமிங்கிலக் குரல்களை இசைக்குழுவோடு இணைத்து ஒரு படைப்பை அளித்தார். அதில் திமிங்கிலத்தின் குரலைக் கருவிகள் போலி செய்வதில்லை, திமிங்கிலமே பாடுகிறது. ரோஜர் பெய்ன் அதே ஆண்டில் வெளியிட்ட கூனல்திமிங்கிலப் பாடல்களின் இசைத்தட்டு, திமிங்கில வேட்டைக்கு எதிரான உணர்வு பரவப் பெரிதும் துணைசெய்தது. கேட்டவர்கள் காக்க முன்வந்தனர்.

நம் கரைக்குத் திமிங்கிலங்கள் வேறு விதமாக வந்தன. 1973 சனவரியில் மணப்பாட்டுப் பகுதியில் 147 திமிங்கிலங்கள் ஒதுங்கின. 2016 சனவரியில் அதே கரையில் எண்பதுக்கும் மேற்பட்டவை ஒதுங்கின. ஒலியால் உறவாடிக் கூட்டமாக வாழும் உயிர்கள் அவை. எண்ணிக்கையாகவும் நிழற்படமாகவுமே அவற்றை நாம் நினைவில் வைத்திருக்கிறோம்.

1974இல் தூத்துக்குடி பெருந்துறைமுகமாயிற்று. 1986இல் இருபத்தொரு தீவுகளை உள்ளடக்கிய கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. கப்பல் எந்திரத்தின் முழக்கமும் பவளப்பாறையின் சிற்றுயிர்கள் எழுப்பும் படபடப்பும் இன்று ஒரே நீரில் கலக்கின்றன. சங்குகுளிப்போர் இன்னும் கடலில் இறங்குகின்றனர். உப்பளங்களில் உப்பு வாரும் ஓசை இன்னும் கேட்கிறது. நீருக்கடியில் இறக்கும் ஒலிவாங்கியும் கையடக்கப் பதிவுக்கருவியும் இப்போது எட்டாப் பொருள்கள் அல்ல. இவ்வொலிகளிலிருந்து நாளை ஒருவர் இசை அமைக்கலாம், அமைக்காமலும் போகலாம். அதை முடிவுசெய்ய அவருக்கு ஒலி மிஞ்சியிருக்க வேண்டும். நெய்தலுக்குப் பறையும் யாழும் வகுத்த மரபினர் நாம். அந்நிலத்தின் ஒலியைக் கேட்டுப் பதிந்து வைப்பது நம் கடமைகளுள் ஒன்று.