படுக்கைக்கு மட்டும் வரும் காப்பீடு: பெங்களூரு முதியோரும் நீரிழிவும்

பெங்களூருவின் வடகிழக்கில் காடுகொண்டனஹள்ளி என்றொரு பகுதி உண்டு. ஊரார் பேச்சில் அது கே.ஜி. ஹள்ளி. தமிழும் உருதும் கன்னடமும் ஒரே சந்தில் புழங்கும் உழைக்கும் மக்களின் குடியிருப்பு. 2009–10இல் பெங்களூருவைச் சேர்ந்த பொதுச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இங்கே 9,000க்கும் மேற்பட்ட வீடுகளில் கணக்கெடுப்பு நடத்தினர். உபேந்திர போஜானியும் சக ஆய்வாளர்களும் 2012இல் வெளியிட்ட முடிவுகள் இவை: நாட்பட்ட நோயுள்ளோர் இருந்த வீடுகளில் சுமார் 70 சதவீதம் வெளிநோயாளர் சிகிச்சைக்குக் கைப்பணத்தைச் செலவிட்டன, 16 சதவீத வீடுகளில் அச்செலவு வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டியது, அவ்வீடுகளில் வறுமைக்கோட்டுக்குக் கீழிருந்தோரின் எண்ணிக்கை ஒரே மாதத்தில் இரட்டித்தது. இங்கே கணக்கில் வந்தது அறுவைச் சிகிச்சைச் செலவோ படுக்கைக் கட்டணமோ அல்ல. சர்க்கரை, இரத்த அழுத்தம் போன்றவற்றுக்கு மாதந்தோறும் ஆகும் மருத்துவர் கட்டணம், மாத்திரை, இரத்தப் பரிசோதனை ஆகியவைதாம்.

வியப்பு என்னவெனில், அதே ஆண்டுகளில் கர்நாடகம் மருத்துவக் காப்பீட்டில் நாட்டுக்கே முன்னோடி எனப் பெயர் பெற்றிருந்தது. இவ்விரண்டும் ஒருசேர எப்படி உண்மையாயின என்பதற்கு விடை அத்திட்டங்களின் வரலாற்றில் இருக்கிறது.

இந்தியாவில் மருத்துவக் காப்பீடு முதியவரை எண்ணித் தோன்றியதன்று. பி.பி. அதார்கர் 1944இல் அளித்த அறிக்கையின் கவலை, நோயால் கூலியிழக்கும் ஆலைத் தொழிலாளியைப் பற்றியது. அதிலிருந்து பிறந்ததே 1948ஆம் ஆண்டின் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம், அதாவது இ.எஸ்.ஐ. மாதம் 400 ரூபாய்க்கு மிகாத ஊதியமே அதன் முதல் வரம்பு. தொழிலாளி மறுநாள் வேலைக்குத் திரும்ப வேண்டும் என்பதே நோக்கமாதலால், மருந்தகமும் வெளிநோயாளர் சிகிச்சையும் தொடக்கத்திலேயே அதில் இடம்பெற்றன. பின்னர் வந்த பெரும்பாலான பெருந்திட்டங்களில் இல்லாத சிறப்பு இது. ஆலைநகரான பெங்களூருவில் இராஜாஜிநகர், இந்திராநகர் இ.எஸ்.ஐ. மருத்துவமனைகள் பல குடும்பங்களின் நினைவில் இன்றும் தங்கியிருப்பதற்கு இதுவே காரணம்.

ஆனால் நீரிழிவு கடுமையாகத் தலைகாட்டுவது பெரும்பாலும் வேலை முடியும் வயதில். ஓய்வுபெற்ற தொழிலாளி ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டினால் அவருக்கும் துணைவருக்கும் இ.எஸ்.ஐ. மருத்துவம் தொடரும். கேட்பதற்குத் தாராளமாகவே தோன்றும் இந்த விதிக்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு: குறைந்தது ஐந்தாண்டுகள் காப்பீட்டுக்கு உட்பட்ட பணி, ஓய்வு வயதை எட்டும்போதும் அத்தகைய பணியிலேயே இருத்தல். 2017 முதல் 21,000 ரூபாயாக உள்ள ஊதிய வரம்பைக் கடைசி ஆண்டுகளில் தாண்டியவர், ஆயுள் முழுதும் சந்தா கட்டியிருந்தும் வெளியே நின்றார். இதைத் தளர்த்த இ.எஸ்.ஐ. கழகம் முடிவெடுத்தது 2024இல்தான். பீனியாவிலோ பொம்மனஹள்ளியிலோ ஆயத்த ஆடை ஆலையில் உழைத்து, நாற்பது வயதுக்குள் வேலையை விட்ட பெண்ணுக்கு இந்த வழி முதலிலிருந்தே அடைப்பு. வீட்டு வேலை செய்பவர், பூக்காரர், கொத்தனார் ஆகியோரைச் சொல்லவே வேண்டியதில்லை.

அடுத்த திருப்பம் யஷஸ்வினி. நாராயண ஹிருதாலயாவின் தேவி ஷெட்டியின் யோசனையில் உருவாகி, 2003இல் கூட்டுறவுச் சங்க விவசாயிகளுக்கெனச் செயல்படத் தொடங்கிய இத்திட்டத்தில் தொடக்கத்தில் ஆளுக்கு ஆண்டுச் சந்தா 60 ரூபாயாக இருந்தது. அவ்வளவு சிறிய தொகையில் இதய அறுவைச் சிகிச்சைவரை கிடைத்தது பெருஞ்சாதனையே, அதை மறுப்பதற்கில்லை. எனினும் அது எப்படிச் சாத்தியமாயிற்று என்பதைக் கவனிக்க வேண்டும். அறுவைச் சிகிச்சைக்குத் தொடக்கமும் முடிவும் உண்டு. முன்கூட்டியே விலை பேசலாம். ஆயிரத்தில் சிலருக்கே அது நேரும். எனவே பலரின் சிறுதொகை சிலரின் பெருஞ்செலவைத் தாங்கும். நீரிழிவோ இந்தக் கணக்குக்கு அடங்காதது. அது வந்தவருக்கு நாள்தோறும் செலவு, வயதேற வயதேற மேலும் பலருக்குச் செலவு. காப்பீட்டுக் கணக்கர் இதை இடர் என்று ஏற்கமாட்டார். குடும்பச் செலவு என்பார்.

யஷஸ்வினி வகுத்த இந்த வழியிலேயே பின்வந்தவையும் நடந்தன. 2008இன் ராஷ்ட்ரிய ஸ்வாஸ்திய பீமா யோஜனா, ஐவர் கொண்ட குடும்பத்துக்கு 30,000 ரூபாய்வரை, மருத்துவமனையில் சேர்ந்தால் மட்டும். 2010இன் வாஜ்பாயி ஆரோக்கியஸ்ரீ, இதயம், புற்றுநோய், சிறுநீரகம் போன்ற உயர்சிகிச்சைக்கு. இது உயிர்களைக் காத்தது என்பதற்கு 2014இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஆய்வு சான்று தருகிறது. 2018இல் ஆயுஷ்மான் பாரத்தும் ஆரோக்கிய கர்நாடகமும் இணைந்தபோது வறுமைக்கோட்டுக் குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 5 லட்சம், ஏனையோருக்கு 1.5 லட்சம் வரம்புக்குள் 30 சதவீதம் என்றாயிற்று. 2024 அக்டோபரில் ஒன்றிய அரசு, வருமானம் பாராமல் 70 வயதை எட்டிய அனைவருக்கும் 5 லட்சம் வரையிலான காப்பீட்டைத் தொடங்கியது. தொகை வளர்ந்தது, வயது வரம்பு அகன்றது, தொகுப்புகள் பெருகின; ‘உள்நோயாளி’ என்ற வாயில் மட்டும் மாறவில்லை. ஒன்றியத் திட்டத்தில் மருத்துவமனையை விட்டு வந்தபின் 15 நாள் மருந்து உண்டு. நீரிழிவு நோயாளிக்குப் பதினாறாம் நாளும் விடியத்தான் செய்யும்.

ஆகவே விபரீதமான ஒரு வரிசை அமைந்துவிட்டது. புண்ணான காலுக்கு அறுவைச் சிகிச்சை செய்யவும், சிறுநீரகம் பழுதானபின் டயாலிசிஸ் செய்யவும் அட்டை உதவும். அவை நேராமல் காக்கும் ஸ்ட்ரிப்புக்கும் ஊசிக்கும் உதவாது.

இந்தச் சிறு பொருள்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இன்சுலின் இருக்கிறது; 2022இல் கிளார்ஜின் வகையும் சேர்ந்தது. ஆனால் பட்டியல் மருந்துகளுக்கானது. சிரிஞ்சு, விரல் குத்தும் லான்செட், ஸ்ட்ரிப் எதற்கும் அதில் இடமில்லை. குப்பி இலவசமாகக் கிடைத்தாலும் மில்லிலிட்டருக்கு 40 அலகு கொண்ட அந்தக் குப்பிக்குச் சிவப்பு மூடிச் சிரிஞ்சுதான் வேண்டும். 100 அலகுக்கான ஆரஞ்சு மூடிச் சிரிஞ்சில் அதே கோடுவரை இழுத்தால் அளவு பாதிக்கும் கீழே போகும். கண்பார்வை மங்கிய எழுபது வயதுக்காரர் இதைத் தாமே வாங்கித் தாமே சரிபார்க்க வேண்டும். 2021 ஜூலையில் தேசிய மருந்து விலை ஆணையம் குளுக்கோமீட்டரின் வணிக இலாபத்துக்கு 70 சதவீத உச்சவரம்பு விதித்தது. கருவி ஒருமுறைச் செலவு, ஸ்ட்ரிப்போ ஆயுட்செலவு. 2025 செப்டம்பரில் இரண்டின் மீதும் ஜி.எஸ்.டி. 12இலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. விலை சற்று இறங்கியது; உரிமை பிறக்கவில்லை.

அமெரிக்காவில் கதை தலைகீழ். முதியோருக்கான மெடிகேர், இன்சுலின் போடாத நீரிழிவு நோயாளிக்கும் 1998 ஜூலை முதல் ஸ்ட்ரிப் தந்தது. அது ‘வீட்டு மருத்துவக் கருவி’ என்ற இனத்தில் சேர்ந்ததே காரணம். நோயாளி தாமே போட்டுக்கொள்ளும் இன்சுலினோ மருந்து. அதற்கு 2006வரை காத்திருக்க நேர்ந்தது. பொருளின் தேவையைவிட, அது எந்தத் தலைப்பின் கீழ் எழுதப்பட்டது என்பதே அங்கும் முடிவு செய்தது.

பெங்களூருவில் மாற்றம் வரும் இடம் காப்பீட்டுக்கு வெளியே இருக்கிறது. 2023 தொடக்கத்தில் வார்டுதோறும் திறக்கப்பட்ட நம்ம கிளினிக்குகளில் ஆலோசனையும் அடிப்படைச் சோதனையும் மாத்திரையும் இலவசம். 2024இல் கோலாரில் தொடங்கிய கிருஹ ஆரோக்கியத் திட்டத்தில் சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கே வந்து சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்க்கிறார். இரண்டும் வரிப்பணத்தில் நடப்பவை. இவற்றுக்குச் சந்தாவும் வேண்டாம், படுக்கையும் வேண்டாம். மாத்திரையால் கட்டுப்படும் முதியவருக்கு இது பெரிய ஆறுதல். இன்சுலின் போடுபவரோ நடுஇரவில் வியர்த்து எழும்போது சர்க்கரை தாழ்ந்ததா என்று பார்க்க வேண்டிய ஸ்ட்ரிப்பை இன்னும் மருந்துக் கடையிலேயே வாங்குகிறார்.