பனிக்காலத்து நீராட்டம்

காஞ்சிமாநகருக்கு மேற்கே, வேலூர் செல்லும் நெடுஞ்சாலையில், பாலுச்செட்டி சத்திரத்தை அடுத்து இருக்கிறது திருப்புட்குழி. புள் என்றால் பறவை. இராவணனோடு பொருது வீழ்ந்த சடாயுவுக்கு இராமபிரான் ஈமக்கடன் ஆற்றிய இடம் என்று தலபுராணம் கூறும். பெயரும் அதனால் வந்ததே. திருமங்கையாழ்வார் பாடிய பதி. இராமாநுசர் இளமையில் யாதவப்பிரகாசரிடம் பாடங்கேட்டதும் இங்கேதான் என்பர். விசயராகவப் பெருமாள் கோயிலுக்குரிய குளம் சடாயு தீர்த்தம். அத்தகைய குளங்களில் நம் முன்னோர் எப்பருவத்தில் நீராடினர், ஏன் என்பதே நான் எடுத்துக்கொண்ட பொருள்.

மேனாடுகளில் வீட்டுக்குப் பின்புறம் நீச்சற்குளம் வைத்திருப்போர், கோடை கழிந்ததும் அதை மூடிவிடுவர். இன்னும் சில வாரங்கள் நீந்த விரும்புவோர் நீரைச் சூடேற்றும் கருவிகளை நாடுகின்றனர். இரவில் குளத்தின்மேல் போர்வையும் விரிக்கின்றனர். நீரின் வெப்பம் பெரும்பாலும் ஆவியாதலால்தான் கழிகிறது. போர்வை அதைத் தடுக்கும். பண்டை உரோமர் குளியற்கூடங்களில் தளத்தின் கீழே அனற்காற்றைச் செலுத்தினர். அங்கெல்லாம் குளிரே பகை.

தமிழ்நாட்டு வழக்கோ முற்றிலும் வேறு. பரிபாடலில் வையையைப் பாடும் பதினோராம் பாடல், மார்கழித் திருவாதிரையில் கன்னியர் ஆடிய அம்பாவாடலைச் சொல்கிறது. நற்றிணையும் ஐங்குறுநூறும் கலித்தொகையும் தைத் திங்கள் நீராட்டத்தை அறிந்தவை. பின்னர் ஆண்டாள் முப்பது பாசுரங்களுக்கும் மார்கழி நீராட்டையே களமாகக் கொண்டார். உள்ளதில் குளிர்ந்த இரு திங்களை, அதிலும் வைகறைப் பொழுதை, ஏன் தேர்ந்தார்கள்? நோன்பின் கடுமைக்காக என்று சொல்லிவிடலாம். அது பாதி விடைதான் என்பது என் கருத்து.

மற்றப் பாதி வானத்திலும் நிலத்திலும் இருக்கிறது. தொண்டைமண்டலத்தின் மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய வடகிழக்குப் பருவக்காற்றால் வருவது. பாலாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும். ஆகவே மார்கழி பிறக்கும்போதுதான் குளங்கள் படிகள் மறைய நிறைந்து நிற்கும். சித்திரையிலோ பல குளங்களில் அடிப்படிக்கு இறங்கினாலும் சேறுதான். கோடையில் குளிக்க ஆசை மிகுதி, நீர் குறைவு. நீர் இருக்கும் பருவம் பனிப்பருவமே.

வைகறை நீர் நாம் அஞ்சும் அளவுக்குக் குளிர்வதுமில்லை. ஒரே எடையுள்ள காற்றைவிட நீரைச் சூடாக்க ஏறத்தாழ நான்கு மடங்கு வெப்பம் வேண்டும். பெற்ற வெப்பத்தை விடவும் அது தயங்கும். இரவெல்லாம் காற்று குளிர்ந்துவிட, ஆழமான குளமோ பகலில் வாங்கிய வெப்பத்தை விடியும்வரை வைத்திருக்கும். பனி மூடிய காலையில் குளத்தின்மேல் ஆவி எழுவதைக் கண்டவர்களுக்கு இது புதிதன்று. முதற்படியில் கால் வைக்கும்வரைதான் நடுக்கம். கழுத்தளவு இறங்கியவருக்குக் கரையேறவே மனம் வாராது. கொதிகலமும் போர்வையும் இல்லாமல் இங்கே நீராடற் பருவம் குளிருக்குள் நீண்டது இப்படித்தான்.

திருப்புட்குழியில் பிள்ளைப்பேறு வேண்டும் பெண்கள் நீராடி, வறுத்த பயற்றை மடியில் கட்டிக்கொண்டு உறங்குவதும், அது முளைத்தால் வேண்டுதல் பலித்ததென மகிழ்வதும் வழக்கம். மரகதவல்லித் தாயாருக்கு வழங்கும் பெயரே வறுத்த பயிறு முளைவித்தவர் என்பது. அந்த ஈரமும் குளத்திலிருந்து வந்ததே.

குளம் தானாக நிறைவதில்லை. ஏரியிலிருந்தும் மேட்டுநிலத்திலிருந்தும் நீரைக் கொணரும் வரத்துக்கால்கள் திறந்திருக்க வேண்டும். அவை தூர்ந்தும் வீட்டுமனைகளாகியும் போன ஊர்களில், நல்ல மழை பெய்த ஆண்டிலும் மார்கழிக் குளம் வெறும் பள்ளமாகக் கிடக்கிறது. அங்கே பாவைப் பாடல் ஒலிபெருக்கியில் கேட்கும். நீராட்டம் குழாயடியில் முடியும்.